ஈரத் துணிக்குச் சீல்

எங்கள் சலவைக்கூடத்தில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் எல்லாரும் முழிப்பார்கள். சீலக்கா என்று கேட்டால் வாசலிலேயே வழி காட்டுவார்கள். ஆறு ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் போர்வையும் எங்களிடம்தான் வெளுக்க வருகின்றன. துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு வந்த துணியைக் கடைசி மேசையில் விளக்கடியில் விரித்துப் பார்த்து, பழுதில்லை என்றால் கட்டின் சீட்டில் நீலச் சீல் குத்துவது என் வேலை. பத்தொன்பது வருஷமாகக் குத்துகிறேன். நாற்பத்தாறு வயதாகியும் ஒரு மாப்பிள்ளைக்குக்கூட அக்கா சீல் குத்தவில்லை என்று என் தம்பி தன் சலூனில் சொல்லிச் சிரிப்பானாம். சிரிக்கட்டும். அந்த மாப்பிள்ளைகளை அவன் பார்த்ததில்லை.

தம்பி சவரக்கடைக்காரன். கையில் கத்தி நின்றாலும் வாயில் பேச்சு நிற்காது. காலையில் வீட்டில் தும்மினால் மதியத்துக்குள் தெருவே வந்து நலம் விசாரிக்கும். அவன் பெண்டாட்டியை நாங்கள் சிட்டு என்போம். ஆள் சிறுசு, கை வேகம். கல்யாணமாகி வந்த நாலாம் மாதமே எங்கள் கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கும் மேசையில் அவளுக்கு நான்தான் வேலை வாங்கிக் கொடுத்தேன். மூன்று பேரும் ஒரே வீடு. நான் எது சொன்னாலும் அவள் "சரிக்கா" என்பாள். என் தம்பிக்கு வாய்த்ததிலேயே உருப்படியான விஷயம் அவள்தான் என்று எனக்கு எண்ணம். அதை அவளிடம் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பிரிக்கும் மேசையிலிருந்து "ஆ" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. போய்ப் பார்த்தால் சிட்டு கையுறையைக் கழற்றிவிட்டு விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விரிப்பின் மடிப்புக்குள் ஓர் ஊசி. எந்த வார்டிலோ யாரோ குப்பையில் போடச் சோம்பல்பட்டு விட்டுவிட்ட ஊசி. அது கையுறையைத் தாண்டி ஆள்காட்டி விரலில் இறங்கியிருந்தது. ஒரு சொட்டு ரத்தம். அவள் விரலை அமுக்கிப் பிழியப் பார்த்தாள். நான் கையைத் தட்டிவிட்டு, குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பிடித்தேன். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஷிப்ட் முடிஞ்சதும் போய்க் காட்டிக்கலாமே. இன்னும் பாதி வண்டி இறக்கலை."

"உங்க விரல்ல குத்தியிருந்தா ஷிப்ட் முடியற வரைக்கும் இருப்பீங்களா? வழியை விடுங்க" என்றேன். விட்டார்.

ஆஸ்பத்திரியில் எங்களை ஓர் ஆலோசனை அறைக்கு அனுப்பினார்கள். கொண்டையில் பென்சில் செருகிய நர்ஸ் ஒருத்தி இருந்தாள். என்னை வெளியே இருக்கச் சொன்னாள். "அக்கா கூட இருக்கட்டும்" என்று சிட்டு சொன்ன பிறகுதான் நாற்காலி போட்டாள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடியது. ஆஸ்பத்திரியில் இப்படியா நாற்காலி வைப்பது என்று நான் அதை மாற்றச் சொல்லி, மாற்றி வந்ததும் ஆடியது என்று சொல்லி, மூன்றாவது நாற்காலியில் உட்காருவதற்குள் அவள் பாதிக்குமேல் விளக்கி முடித்திருந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்த நாற்காலிதான் காரணம்.

என் காதில் விழுந்தது இவ்வளவு. ஆறு ஆஸ்பத்திரித் துணியும் கலந்து வருவதால் ஊசி யாருடையது என்று கண்டுபிடிக்க வழியில்லை. அது ஹெச்.ஐ.வி. உள்ளவருடையது என்றே வைத்துக்கொண்டாலும், அப்படி ஆயிரம் குத்துக்கு ஏறக்குறைய மூன்றில்தான் தொற்று வரும். அதையும் தடுக்க மாத்திரை இருக்கிறது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தினம் ஒன்று, இருபத்தெட்டு நாள்.

"உடனே கூட்டிட்டு வந்தீங்களே, அதுவே பெரிய விஷயம்" என்று நர்ஸ் என்னைப் பார்த்துச் சொன்னாள். ரத்தம் எடுத்தார்கள். முதல் மாத்திரையைச் சிட்டு அங்கேயே விழுங்கினாள். மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அந்த மணி தவறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சிட்டு என் தோளில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. "இந்த வருஷம் ஒரு குழந்தை பெத்துக்கலாம்னு இருந்தோம்கா" என்று மட்டும் சொன்னாள். அந்த மேசையில் அவளை நிறுத்தியவள் நான்.

வருத்தம் வந்தால் எனக்கு வேறெதுவும் வராது, அதிகாரம்தான் வரும். "தம்பிகிட்ட மூச்சு விடக் கூடாது. அவன் வாய்ல எதுவும் நிக்காது. சவரம் பண்ற கடைக்காரன் வீட்டுல ஹெச்.ஐ.வி.ன்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நெசமோ பொய்யோ, ஒருத்தன் வந்து நாற்காலில உக்கார மாட்டான். காதும் காதும் வச்ச மாதிரி முடிச்சிடணும். புரியுதா?"

"சரிக்கா."

வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆலோசனை அறையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. தள்ளிப் போய்ப் பேசிவிட்டு என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ரத்த ரிசல்ட் வந்திருச்சாம். நெகட்டிவாம்."

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு நாளாக மாத்திரை அவளை என்ன பாடு படுத்தியது என்று பார்த்திருந்தேன். குமட்டல், தலைச்சுற்றல், தூக்கம் கிடையாது.

"ஆனா அக்கா..."

"ஆனாவும் வேண்டாம், ஆவன்னாவும் வேண்டாம். இல்லைன்னு வந்தாச்சு. இல்லாத நோய்க்கு மருந்து எதுக்கு? இன்னியிலேர்ந்து அந்த மாத்திரையைத் தொடாதே. முகத்தைப் பாரு, பிழிஞ்சு போட்ட துணியாட்டம் இருக்கு."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரிக்கா" என்றாள்.

அன்றைக்கு எனக்கு வேலை அதிகம், வீட்டுக்கு வர எட்டாகிவிட்டது. சிட்டு படுத்திருந்தாள். இரண்டு நாளுக்குப் பிறகு அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் நான் கூடப் போனேன். இந்த முறை நாற்காலி ஆடவில்லை. பென்சில் நர்ஸ் மேசைக் காலண்டரை எங்கள் பக்கம் திருப்பி, செவ்வாய்க்கிழமையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"போன்ல சொன்னதை இன்னொரு தடவை சொல்லிடறேன். இப்ப வந்த நெகட்டிவ், இந்த வட்டத்துக்கு முந்தின கதை. உங்க உடம்புல ஏற்கெனவே ஒண்ணும் இல்லைன்னு சொல்லுது, அவ்வளவுதான். அந்த ஊசியைப் பத்தி இதுக்கு ஒண்ணும் தெரியாது. கிருமி உள்ள போயிருந்தாலும் அது ரத்தத்துல டெஸ்டுக்குத் தெரியற அளவுக்கு வர நாளாகும். அதுக்கு முன்னாடி எத்தனை தடவை பார்த்தாலும் இல்லைன்னுதான் வரும்."

பென்சில் காலண்டரில் தாள் தாளாகத் தாண்டிப் போயிற்று.

"ஆறாவது வாரம் ஒரு டெஸ்ட். பன்னிரண்டாவது வாரம் இன்னொண்ணு. வாரத்தை எண்ண வேண்டியது ஊசி குத்தின நாள்லேர்ந்து. மாத்திரை சாப்பிடறவங்களுக்குத் தெரியறது கொஞ்சம் தள்ளிப் போகலாம், அதனால பன்னிரண்டுல வர்றதுதான் முடிவு. அதுவரைக்கும் புருஷன் பெண்டாட்டிக்குள்ள ஆணுறை வேணும், ரத்த தானம் கூடாது. முக்கியமா மாத்திரை ஒரு நாளும் விடக் கூடாது. விட்டா அதோட பலம் குறைஞ்சிடும்."

என் முகத்தில் ஈயாடவில்லை. துணியில் பழரசம் கொட்டினால் துவைத்த கையோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெள்ளை வெளேர் என்று இருக்கும். இஸ்திரிச் சூடு பட்டபிறகுதான் பழுப்பாக எழும்பும். அதனால்தான் என் மேசை இஸ்திரிக்கு அப்பால் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வார்த்தையே, ஈரத் துணிக்குச் சீல் குத்தாதே என்பதுதான். பத்தொன்பது வருஷம் சொன்னவள், சொந்தத் தம்பி பெண்டாட்டிக்கு ஈரத்திலேயே குத்திவிட்டேன்.

"இதுவரைக்கும் ஒரு மாத்திரையும் விடலையே?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்லம்மா. ஒண்ணும் விடலை" என்றாள் சிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எனக்காகப் பொய் சொல்கிறாள் என்று எனக்குப் பளிச்சென்று புரிந்தது. நர்ஸ் முன்னால் என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தன் உடம்பின் விஷயத்தில் பொய் சொல்கிறாள் இந்தக் குருவி. அப்போதே நான் வாயைத் திறந்து, நேற்று நிறுத்தச் சொன்னது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். திறக்க வரவில்லை. தப்பு என்ற சொல்லை மற்றவர்களுக்குத்தான் நான் இதுவரை பயன்படுத்தியிருக்கிறேன். வாசலுக்கு வந்ததும், "எதுக்கும் இன்னிக்கு ஆறு மணிக்கு மாத்திரையைப் போட்டுக்கோ" என்றேன், ஏதோ எனக்கே தோன்றிய யோசனை போல.

"சரிக்கா" என்றாள்.

அன்றிலிருந்து அந்த ஒற்றை மாத்திரை என் தொண்டையிலேயே நின்றது. வேலை முடிந்ததும் ஓட்டமாக ஓடி ஆறு மணிக்கு வீட்டில் நின்றேன். அங்கே புதிதாக ஒரு தொல்லை. தம்பியும் ஆறு மணிக்கு வீட்டுக்கு வர ஆரம்பித்திருந்தான். சலூனில் கூட்டம் சேருவதே சாயங்காலம்தான். அந்த நேரத்தில் கடையைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் விட்டுவிட்டு, "டீ குடிக்கணும் போல இருந்துச்சு" என்று வந்து நிற்பான்.

"கடைத் தெருவுல டீயே கிடைக்கலையா?"

"வீட்டு டீ மாதிரி வருமாக்கா?"

சந்தேகம் தட்டிவிட்டது போல என்று நான் அவனை அடுப்படியில் மடக்கி வைத்துக்கொள்வேன். குழாய் ஒழுகுகிறது பார், அந்த டப்பாவை எடு, மேல்தட்டைத் துடை என்று ஐந்து நிமிஷம் இழுப்பேன். அதற்குள் சிட்டு உள்ளே மாத்திரையை விழுங்கிவிடட்டும் என்று கணக்கு. அவனும் துடைப்பான், ஆனால் கண்ணெல்லாம் அறைப்பக்கமே இருக்கும். அவளுக்குத் தூக்கம் வராததால் கட்டிலை அவளுக்கே விட்டுவிட்டு முன்னறையில் பாய் போட்டுப் படுத்தான். பேச்சும் குறைந்துபோயிற்று. பெண்டாட்டி ஒதுக்கிவிட்டாள் என்று நினைத்து ஏங்குகிறான் பாவம் என்று எனக்கு மனசு கரைந்தது. அவன் தட்டில் எப்போதும் இல்லாத தாராளமாகச் சாப்பாடு வைத்தேன். ஏன் என்று கேட்காமல் சாப்பிட்டான்.

இருபத்தெட்டு நாள் முடிந்தது. மாத்திரைப் புட்டியில் ஒன்று மிஞ்சியிருக்குமே என்று எனக்கு அதன் பக்கம் போகவே பயம். சிட்டு அதை எங்கோ எறிந்துவிட்டாள். நான் கேட்கவில்லை. குமட்டல் நின்று அவள் முகத்தில் பழைய களை வந்தது. எனக்குத்தான் தூக்கம் போனது. கூடத்தில் நான் சாதாரணச் சுருக்கத்துக்கெல்லாம் துணியைத் திருப்பி அனுப்புகிறேன் என்று இஸ்திரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

ஆறாவது வாரம் நெகட்டிவ் என்று வந்தது. "ரொம்ப நல்ல அறிகுறி. ஆனா கடைசி வார்த்தை பன்னிரண்டுதான்" என்றாள் நர்ஸ். சிட்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஒரு மாத்திரை குறைந்தது இவளுக்குத் தெரியாதே, தெரிந்திருந்தால் இப்படிச் சொல்வாளா என்று ஓடியது மனசு. அன்றைக்கும் வாய் வரை வந்தது. நாக்கு ஒத்துழைக்கவில்லை.

அந்த ஆறு வாரத்தில் சிட்டுவை நான் பார்த்த அளவு அதற்கு முன் பார்த்ததில்லை. பிரிக்கும் மேசையில் எல்லோருக்கும் கெட்டிக் கையுறை வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் அவளே போய்க் கேட்டாள். சண்டை போடாமல், குரல் உயர்த்தாமல், மூன்று நாள் தொடர்ந்து போய்க் கேட்டு வாங்கிவிட்டாள். நான் போயிருந்தால் கத்தியிருப்பேன், கையுறை வந்திருக்காது. பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்தாள். எனக்கு இருமல் வந்தால் அவள் வெந்நீர் வைத்தாள். இவளுக்கு ஏதாவது ஆனால் அதற்கு நானே காரணம் என்று நினைத்துக்கொண்டே அந்த வெந்நீரைக் குடித்தேன். இவள்மேல் எனக்கு இவ்வளவு பாசம் இருக்கிறது என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

பன்னிரண்டாவது வாரம் ரத்தம் கொடுத்து, இரண்டு நாள் கழித்து ரிசல்டுக்குப் போனோம். நர்ஸ் ஓர் உறையைக் கையில் எடுத்தாள். அவள் அதைப் பிரிக்கும் முன் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அம்மா, ஒரு நிமிஷம். அதைப் பிரிக்காதீங்க. நான் ஒண்ணு சொல்லணும். இவ ஒரு மாத்திரை விட்டுட்டா. இவ மேல தப்பில்ல. அந்த முதல் ரிசல்ட் வந்த வியாழக்கிழமை, எல்லாம் முடிஞ்சுதுன்னு நான்தான் நிறுத்தச் சொன்னேன். நீங்க கேட்டப்ப எனக்காகத்தான் இவ பொய் சொன்னா. தப்பு என்னோடது. பேப்பர்ல என்ன இருந்தாலும் சரி, இவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. பத்தொன்பது வருஷமாக விளக்கடியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தவள், எதிரில் இருப்பவர்கள் முகம் தெரியாமல் அழுதுகொண்டு நின்றேன்.

"எந்த மாத்திரைக்கா?" என்றாள் சிட்டு.

"வியாழக்கிழமை மாத்திரை."

"அதைப் போட்டேனே."

"போட்டியா? நான் வேண்டாம்னப்ப சரின்னியே!"

"நீங்க எது சொன்னாலும் சரிக்கான்னுதான் சொல்வேன். வேற என்ன சொல்ல விடுவீங்க?" அவள் குரலில் கோபம் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வதுபோல்தான் சொன்னாள். "ஆறு மணிக்குப் போட்டுட்டேன்கா. அவர்தான் தண்ணி எடுத்துக் குடுத்தாரு."

"எவரு?"

"உங்க தம்பிதான். குத்தின அன்னிக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன். புருஷன்கிட்ட சொல்லாம எப்படிக்கா இருக்க முடியும்? தினம் ஆறு மணிக்கு அதுக்குத்தானே கடையை விட்டுட்டு வந்தாரு. நீங்கதான் அவரைப் பிடிச்சு மேல்தட்டு துடைக்க வச்சீங்க. நீங்க விடற வரைக்கும் நான் உள்ள டம்ளரை வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

நர்ஸ் பென்சிலைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தெருவுக்கே ஒலிபெருக்கி வைத்தவன், மூன்று மாதம், சலூனில் தினம் முப்பது தலைக்கு நடுவில், ஒரு வார்த்தை விடவில்லை. கூடப் பிறந்த என்னிடம்கூட விடவில்லை. எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, அவன் தலையைக் கோதிவிடலாம் போலவும் இருந்தது.

"இப்பப் பிரிக்கலாமா?" என்று நர்ஸ் கேட்டுவிட்டு உறையைப் பிரித்தாள். தாளை சிட்டு பக்கம் திருப்பி வைத்தாள். நெகட்டிவ். "இதுதான் கடைசி வார்த்தை. அந்த ஊசி விஷயம் இதோட முடிஞ்சுது. வீட்டுக்குப் போய் நிம்மதியாத் தூங்குங்க." கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தான். கடையிலிருந்து அப்படியே வந்திருக்கிறான், சட்டையெல்லாம் யாருடைய முடியோ. சிட்டு தலையாட்டியதும் படியிலேயே உட்கார்ந்து முகத்தைக் கையில் மூடிக்கொண்டான். பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஊருக்குச் சொல்லாம இருக்கறது கஷ்டமில்லக்கா. உன்கிட்ட சொல்லாம இருக்கறதுதான் உயிர் போச்சு."

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க" என்றேன்.

"மூணு மாசமா இதையா மனசுல போட்டுக்கிட்டு இருந்தீங்க?" சிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திய விரல் என் உள்ளங்கையில் இருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனேக்கா."

கேட்டிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. சொல்லித்தான் எனக்குப் பழக்கம், கேட்டுப் பழக்கமில்லை.

பஸ்ஸில் அவளுக்கு நான் இடம் பிடித்தேன். தம்பி முன்னால் நின்றுகொண்டு நடத்துநரிடம் எதையோ அளக்க ஆரம்பித்திருந்தான். மூன்று மாத பாக்கி.

"சிட்டு" என்றேன்.

"என்னக்கா?"

"அன்னிக்கு மேசைகிட்ட வந்து 'ஆனா அக்கா'ன்னு என்னமோ சொல்ல வந்தியே. என்ன சொல்ல வந்த?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று தேடினாள் போலிருக்கிறது. இல்லை என்று தெரிந்ததும் நன்றாக என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அன்றைக்குச் சொல்ல வந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். எங்கள் நிறுத்தம் வரும்வரை குறுக்கே பேசாமல் கேட்டேன். அவள் முடித்ததும், "சரி" என்றேன்.